வாசலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்

நான் ஓட்டுகிற பேருந்து, எஞ்சினை நிறுத்தியதும் கத்த ஆரம்பிக்கும். காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு, வண்டியை ஷெட்டுக்குக் கொண்டுவந்து சாவியைத் திருப்பினால் 'கீ கீ' என்று ஒரே சத்தம். கடைசி இருக்கைக்குப் பின்னால் ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கிறது. ஓட்டுநர் எழுந்து கடைசிவரை நடந்துபோய் அதை அமுக்கினால்தான் சத்தம் அடங்கும். நடந்து போகும்போது இரண்டு பக்கமும் ஒவ்வொரு இருக்கையையும் அவன் பார்த்தாக வேண்டும். தூங்கிப்போன சின்னப் பிள்ளை எதுவும் உள்ளே கிடந்துவிடக் கூடாது அல்லவா? இந்த ஊர் வெயிலில், பூட்டிய வண்டிக்குள். அதற்கு மேல் எழுத வேண்டாம். முதல் நாள் எனக்கு அதைச் சொல்லித் தந்த மேற்பார்வையாளர் எகிப்து நாட்டுக்காரர். அவருடைய ஆங்கிலமும் என்னுடைய ஆங்கிலமும் ஒன்றுக்கொன்று ஆகாது. அதனால் அவரே குனிந்து, ஒவ்வொரு இருக்கையின் அடியிலும் தலையை விட்டுப் பார்த்துக்கொண்டே கடைசிவரை நடந்து காட்டினார். அவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு அவர் அப்படிக் குனிந்து போனதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு சாவியில் பூட்டிவிட்டுப் போகிற காரியத்துக்கு இத்தனை சடங்கா என்று நினைத்தேன்.

நம்ம ஊரில் நான் அறிந்த பேருந்து வேறு மாதிரி. சீவலப்பேரி போகிற டவுன் பஸ்ஸில் காலை எட்டு மணிக்கு ஏறிப் பார்த்தால் உங்களுக்குத் தெரியும். உள்ளே பாதி, வெளியே பாதி. படியில் தொங்குகிற பையன்களைப் பார்த்து நடத்துனர், "உள்ள ஏறுங்கலே, ஒங்க வீட்டுல யாரு பதில் சொல்லுவா?" என்று கத்துவார். "நீங்கதான் அண்ணாச்சி சொல்லணும்" என்று ஒருத்தன் பதில் சொல்வான். எல்லாரும் சிரிப்பார்கள், அவரும் சிரித்து விசில் ஊதுவார். வண்டி போகும். ஷார்ஜாவில் என் வண்டியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் பெயர் ஒட்டிய இருக்கை உண்டு, சீட் பெல்ட் உண்டு. டவுன் பஸ்ஸில் கடைசி இருக்கை யாருக்கு என்பது எங்கேயும் எழுதியிருக்காது. ஆனால் பையன்களுக்குத் தெரியும். அதில் இடம் மாறி உட்கார்ந்ததில் தொடங்கிய ஒரு சண்டையைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

பிள்ளைகளே, பெரியவர்களுக்கு எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். என்னால் எழுத முடிந்தது உங்களுக்குத்தான். உங்களில் பல பேருடைய அப்பாக்கள் என்னைப்போல ஏதோ ஒரு தூர தேசத்தில் இருப்பார்கள். போனில் முகம் பார்ப்பார்கள், "சாப்பிட்டியா, படிச்சியா" என்று கேட்பார்கள். உங்களுக்கு ஒரு தகப்பன் சொல்லவேண்டிய சில விஷயங்களை என் சொந்த வீட்டில் நடந்ததை வைத்தே சொல்கிறேன். என் மகனுக்கு அப்போது பதினாறு வயது. அவன் பெயரை எழுதக் கூடாது என்பது சட்டம். சட்டம் இல்லாவிட்டாலும் எழுத மாட்டேன். வீட்டில் கூப்பிடுகிற மாதிரித் தம்பி என்றே சொல்கிறேன்.

தம்பிக்கு ஏழு வயதாக இருக்கும்போது நான் விமானம் ஏறினேன். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நாற்பது நாள் விடுப்பு. அவனுக்குப் பதின்மூன்று ஆனபோது ஒரு விடுப்பில் வீட்டு வாசல் தூணில் கேமரா வைத்தேன். பேசுகிற கேமரா. நான் ஷார்ஜாவில் இருந்தபடி என் போனில் வாசலைப் பார்க்கலாம். பேசினால் என் குரல் தூணிலிருந்து வரும். வாசலில் நிற்பவர்கள் பேசுவதும் எனக்குக் கேட்கும். என்னைப்போல வெளிநாடு போன எத்தனையோ பேர் வீட்டில் இப்போது இது இருக்கிறது. அது வேலை செய்த முதல் நாள் தெருவே கூடிவிட்டது. பக்கத்து வீட்டு அக்கா என் மனைவியைக் கூப்பிட்டு, "ஏட்டி, ஒம் மாப்பிள்ள தூணுக்குள்ளருந்து பேசுதாரு. நரசிம்மம்லா வந்துட்டு! பிரகலாதன் எங்கட்டி?" என்றாள். நான் இங்கே அறையில் உட்கார்ந்து சிரித்தேன். என் கூட இருந்தவர்களுக்கெல்லாம் காட்டினேன். பெருமையாக இருந்தது, மறைக்க மாட்டேன்.

அதற்குப் பிறகு நான் தம்பியை வளர்த்தது முழுக்க அந்தத் தூணிலிருந்துதான். வண்டி ஓட்டாத நேரம் எல்லாம் போனைத் திறந்து வாசலைப் பார்ப்பேன். அவன் படியைத் தாண்டினால், "எங்கனலே போற? உள்ள போ" என்பேன். திடுக்கிட்டு நிற்பான், உள்ளே போவான். முகம் பார்த்துப் போனில் பேசும்போது வெளிச்சம் அவனுக்குப் பின்னால் இருக்கும். முகம் கருப்பாகத் தெரியும். "லே, மூஞ்சி தெரியல. இங்கன திருப்புலே" என்பேன். தினமும் சொல்வேன். முகம் தெரிந்த பிறகு என்ன பேசுவது என்று எனக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது. "படிச்சியா?" "ம்." "அம்மா சொல்லு கேக்கியா?" "ம்." அவ்வளவுதான். அவனுடைய செருப்பு வாசல்படியில் கிடந்தால் பையன் வீட்டில் இருக்கிறான் என்று நிம்மதியாகத் தூங்கிவிடுவேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் என் மனைவி கூப்பிட்டாள். அழுகையில் பாதி புரியவில்லை. போலீஸ் என்றாள், ஆஸ்பத்திரி என்றாள், தம்பி என்றாள். பிறகுதான் தெளிந்தது. பக்கத்து ஊர்ப் பையன் ஒருத்தன், தம்பியோடு அதே பேருந்தில் பன்னிரண்டாம் வகுப்புக்குப் போகிறவன், கடைசி இருக்கையில் உட்கார்ந்திருக்கிறான். அதற்கு ஒரு பேச்சு, அந்தப் பேச்சுக்கு ஒரு பதில். பிறகு ஒரு வாரம் போனுக்குள்ளேயே திட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள். கடைசியில் அன்று காலை அந்தப் பிள்ளை இறங்குகிற நிறுத்தத்தில் மூன்று பேர் போய்க் காத்திருந்திருக்கிறார்கள். இரண்டு பேர் கையில் அரிவாள். மூன்றாவது ஆள் கையில் போன். மூன்றாவது ஆள் என் மகன். வெட்டு அந்தப் பிள்ளையின் வலது கையில் விழுந்தது. உயிர் பிழைத்தான். இரண்டு விரல்களுக்குப் போகிற நரம்பு அறுந்துவிட்டது. தம்பியைப் பாளையங்கோட்டையில் கூர்நோக்கு இல்லத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பதினெட்டு வயதுக்குள் உள்ளவர்கள் வழக்கில் சிக்கினால் வைத்திருக்கிற இடம் அது.

மேற்பார்வையாளரிடம் ஓடினேன். எனக்குத் தெரிந்த நான்கு வார்த்தையில், என் மகன், ஆஸ்பத்திரி, போலீஸ், இன்றைக்கே போக வேண்டும் என்றேன். அவர் நாற்காலியை விட்டு எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டார். என் மகனை யாரோ அடித்துப்போட்டுவிட்டார்கள், அவன் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான் என்று அவர் நினைத்துக்கொண்டார். ஒரு தகப்பன் அப்படி ஓடிவந்தால் வேறு எப்படி நினைப்பார்? திருத்திச் சொல்ல வாயைத் திறந்தேன். வார்த்தையும் இல்லை, மனசும் வரவில்லை. விமான நிலையத்துக்கு அவரே கொண்டுவிட்டு, ஒரு பெட்டி பேரீச்சம்பழத்தை என் கையில் திணித்தார். "ஃபார் யுவர் சன்" என்றார். கண் கலங்கியிருந்தது. நான் வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் நான் செய்த முதல் வேலை, கேமராவின் மெமரி கார்டில் பதிந்திருந்ததைப் பார்த்ததுதான். அதில் பத்து நாள் படம் நிற்கும். என் மகன் அப்படிப்பட்டவன் இல்லை, வீட்டில் இருக்கிற பையன் என்று வக்கீலிடம் காட்டலாம் என்பது என் எண்ணம். வாசலில் செருப்பு கிடந்தது. எல்லா நாளும் கிடந்தது. என் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன், "இங்கனதான இருந்திருக்கான், பாரு" என்றேன். அவள் படத்தைப் பார்க்காமலே, "அது வாசலுக்குன்னு போடுத செருப்புங்க" என்றாள். "பொறவாசல் செவரு ஏறிப் போவான். அதுக்கு வேற ஒரு சோடி வச்சிருக்கான்."

"ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும். சொன்னா நீங்க அங்கன தூங்க மாட்டீங்க. காலைல பிள்ளைங்கள வச்சு வண்டி ஓட்டணும்லா?"

அவள்மேல் கோபப்பட எனக்கு வாய் இல்லை. தொடர்ந்து பார்த்தேன். சம்பவத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் ஐந்து மணிக்குத் தம்பி பள்ளிக்கூடத்திலிருந்து வருகிறான். பையை வைத்துவிட்டு மறுபடி வாசலுக்கு வருகிறான். தூணுக்கு நேராக வந்து நின்று கேமராவை அண்ணாந்து பார்க்கிறான். ஒன்றும் பேசவில்லை. ஒரு காலை மாற்றி இன்னொரு காலில் நிற்கிறான். தலையைச் சொறிகிறான். மறுபடி பார்க்கிறான். பத்து நிமிடம் இருக்கும். பிறகு உள்ளே போய்விடுகிறான். நம்ம ஊர் ஐந்து மணி எனக்கு மூன்றரை மணி. நான் வண்டியில் இருந்தேன். என் வண்டி நிறைய மற்றவர்களுடைய பிள்ளைகள். அந்தப் பத்து நிமிடத்தையும் அன்று எத்தனை தடவை ஓட்டிப் பார்த்தேன் என்று தெரியாது.

தம்பி எடுத்த படத்தை மறுநாள் காவல் நிலையத்தில் எனக்குக் காட்டினார்கள். என்ன தெரிந்தது என்று உங்களுக்குச் சொல்ல மாட்டேன். என்ன கேட்டது என்று மட்டும் சொல்கிறேன். கூர்நோக்கு இல்லத்தில் என்னைப் பார்த்தபோது தம்பி சொன்ன முதல் வார்த்தை, "நான் அடிக்கலப்பா, படந்தான் எடுத்தேன்" என்பது. நானும் அதைப் பிடித்துக்கொண்டிருந்தேன். என் பிள்ளை அடிக்கவில்லை. ஆனால் அந்தப் படத்தில் அவனுடைய குரல் இருந்தது. கீழே கிடந்த பிள்ளையைப் பிடித்திருந்தவனிடம் அவன் சொல்கிறான்: "லே, மூஞ்சி தெரியல. இங்கன திருப்புலே."

அது என் வார்த்தை. நான் சொல்கிற அதே ராகத்தில் இருந்தது. ஆய்வாளர் என்னைப் பார்த்து, "தண்ணி குடிங்க அண்ணாச்சி" என்றார். என் முகம் எப்படி இருந்ததோ.

பேரீச்சம்பழப் பெட்டி அப்படியே இருந்தது. அதைத் தம்பிக்குக் கொடுக்க எனக்குக் கை வரவில்லை. எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். வக்கீல் முதலிலேயே எச்சரித்திருந்தார், "அந்தப் பக்கம் போயிராதீங்க. சாட்சியக் கலைக்க வந்தாருன்னு எழுதிருவாங்க" என்று. அவர் சொன்னது நியாயம். ஆனாலும் போனேன். வார்டுக்கு வெளியே அந்தப் பிள்ளையின் அப்பா உட்கார்ந்திருந்தார். அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறவர், என் வயசுதான் இருக்கும். பக்கத்தில் போய் நின்றதும் நிமிர்ந்து பார்த்தார்.

"யாரு வே நீரு?"

சொன்னேன். எழுந்து நின்றார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றும் இருந்தது.

"ஒம்ம மவன் வெட்டலன்னு சொல்ல வந்தீரா?"

"இல்ல. அவனுக்கு அந்தப் போன வாங்கிக் குடுத்தது நான்தான்னு சொல்ல வந்தேன்."

"குடுத்துட்டு நீரு எங்க இருந்தீரு?"

"வெளிநாட்டுல."

"நானும் பகலெல்லாம் ஆலைலதான் வே கெடக்கேன். எம் மவன் ஒருத்தன் மேலயும் கைய வச்சதில்ல. இன்னும் நாலு மாசத்துல பரிச்ச எழுதணும். எந்தக் கையால எழுதுவான்?"

பெட்டியை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. திரும்பி நடந்தேன். பின்னாலிருந்து, "வச்சிட்டுப் போவும்" என்றார். "தூக்கிப் போடணும்னா நாங்களே போட்டுக்கிடுதோம்." பெஞ்சில் வைத்துவிட்டு வந்தேன். என்ன செய்தார்கள் என்று தெரியாது. அதைக் கேட்கிற உரிமையும் எனக்கு இல்லை.

அடுத்த வாரம் இளைஞர் நீதிக் குழுமத்தில் தம்பியை ஜாமீனில் விடுவது பற்றி விசாரித்தார்கள். நான் நினைத்ததுபோல அது கூண்டு வைத்த கோர்ட்டு இல்லை. ஒரு சாதாரண அறை. மேசைக்கு அந்தப் பக்கம் நடுவர் அம்மாவும் இரண்டு உறுப்பினர்களும், இந்தப் பக்கம் நானும் தம்பியும். நான் என்ன பேசுவது என்று வக்கீல் சொல்லித் தந்ததை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்.

"விட்டா யாரு பொறுப்புல இருப்பான்?" என்று நடுவர் அம்மா கேட்டார்.

"என் பொறுப்புலம்மா. நான் பாத்துக்கிடுதேன்."

"நீங்க எங்க வேலை பாக்கீங்க?"

"ஷார்ஜாவுலம்மா. பள்ளிக்கூட பஸ் ஓட்டுதேன்."

"அங்க இருந்து எப்படிப் பாத்துக்குவீங்க?"

"கேமரா இருக்கும்மா" என்றேன். பெருமையாகவே சொன்னேன். போனை எடுத்துக் காட்டக்கூடப் போனேன். "எந்நேரமும் பாக்கலாம். பேசவும் செய்யலாம்."

யாரும் சிரிக்கவில்லை. உறுப்பினர்களில் வயதான ஒரு அம்மா, கதர்ச் சேலை கட்டியவர், மெதுவாகக் கேட்டார். "அது வாசலத்தான பாக்கும்? பிள்ளைய யாரு பாப்பா?"

தம்பி குனிந்த தலையை நிமிர்த்தவே இல்லை. என் மனப்பாடம் எல்லாம் போய்விட்டது. ஒரு வாரம் கழித்து வரச் சொன்னார்கள். அந்த ஒரு வாரம் அவன் உள்ளே, நான் வெளியே. பேருந்து நிறுவனத்திலிருந்து விடுப்பு முடிகிறது என்று செய்தி வந்துகொண்டிருந்தது. மைத்துனர் பொறுப்பில் கையெழுத்துப் போட்டால் போதும், நீ கிளம்பு என்று சொந்தத்தில் எல்லாரும் சொன்னார்கள். "நீரு இங்கன இருந்து என்ன செய்யப்போறீரு வே? அவன் கைய புடிச்சிட்டு அலையப்போறீரா?" என்று மைத்துனரே கேட்டார். எனக்கும் அதுதான் சரி என்று தோன்றிய பொழுதுகள் உண்டு. ஒன்பது வருடமாக எனக்குச் செய்யத் தெரிந்தது சம்பாதிப்பது ஒன்றுதான். பிள்ளையோடு இருப்பது எப்படி என்று நான் பழகவே இல்லை. உண்மையைச் சொன்னால், அவனோடு ஒரு வீட்டில் இருக்க எனக்குப் பயமாக இருந்தது.

அடுத்த முறை போனபோது, "நான் இங்கனயே இருக்கேம்மா" என்று மட்டும் சொன்னேன். "வேலைய விடணும்னா ஒரு மாசம் அங்க போய் முறைப்படி முடிச்சிட்டு வரணும். அதுக்கு நீங்க எப்ப உத்தரவு குடுக்கீங்களோ அப்பப் போறேன். மத்தபடி எங்கயும் போகல." அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டேன். இந்தப் பையனை என் கண்காணிப்பில் வைத்திருப்பேன், கெட்ட சகவாசத்தில் விட மாட்டேன், கூப்பிடும்போது ஆஜர்படுத்துவேன் என்று அதில் இருந்தது. எத்தனையோ தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் படித்துவிட்டுப் போட்டது அதில்தான். தம்பியை என்னோடு அனுப்பினார்கள். ஒவ்வொரு திங்கட்கிழமையும் பெரியவர் ஒருவரோடு வந்து நன்னடத்தை அலுவலரைப் பார்க்க வேண்டும் என்பது நிபந்தனை.

வீட்டுக்கு வந்து மூன்றாம் நாள், ஷார்ஜாவில் முன்பே வாங்கி வைத்திருந்த சட்டையை அவனுக்குக் கொடுத்தேன். போட்டான். கை மணிக்கட்டுக்கு மேல் நின்றது, பொத்தான் ஒன்றைக்கூடப் பூட்ட முடியவில்லை. என் மகள், ஆறாவது படிக்கிறவள், "அப்பா, இது எனக்கு எடுத்ததா?" என்று கேட்டாள். தம்பி சிரித்துவிட்டான். நானும் சிரித்தேன். என் போன் திரையில் அவன் எப்போதும் உள்ளங்கை அளவுதான் இருந்தான். அந்த அளவுக்குத்தான் நான் சட்டை எடுத்திருக்கிறேன். அவனுக்குக் கத்தரிக்காய் பிடிக்காது, தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறான், கணக்கில் கெட்டிக்காரன், இதெல்லாம் அந்த நாட்களில்தான் எனக்குத் தெரியவந்தது.

அந்தச் சிரிப்பு இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும் என்று தோன்றியது. மகளை உள்ளே அனுப்பிவிட்டுக் கேட்டேன்.

"லே, முந்தின நாள் சாயங்காலம் வாசல்ல வந்து நின்னியே, எதுக்கு?"

சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தவன் அப்படியே நின்றான். "பாத்தீங்களா?"

"ஊருக்கு வந்த பொறவுதான் பாத்தேன்."

"அன்னைக்குப் பாக்கலையா?"

"வண்டில இருந்தேன் மக்கா."

சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுச் சொன்னான். "நாளைக்கு எங்ககூட வாலேன்னு கூப்பிட்டானுவ. போவவா வேண்டாமான்னு தெரியல. நீங்க 'எங்கனலே போற, உள்ள போ'ன்னு அதட்டுவீங்கள்லா? அப்பிடி ஒரு வார்த்த சொல்லிட்டீங்கன்னா, எங்கப்பா விடமாட்டாருன்னு அவனுவகிட்டச் சொல்லிரலாம்னு நின்னேன்."

"போன் போட்டிருக்கலாம்லாலே?"

"போன் போட்டா நான்லாப்பா சொல்லணும்."

பிள்ளைகளே, இந்த இடத்தில் நான் அழுதேன் என்பதை உங்களிடம் மறைக்கவில்லை. ஆனால் அழுது முடித்த பிறகு அவனிடம் ஒன்று சொன்னேன். அதை உங்களிடமும் சொல்ல வேண்டும். "அன்னைக்கு நான் பாக்காதது எந் தப்பு. எங்க கேட்டாலும் ஒத்துக்கிடுவேன். ஆனா மறுநாள் அங்கன நடந்து போனது ஒங் காலு. திருப்புலேன்னு சொன்னது ஒன் வாயி. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் கலக்கிராத. எந் தப்பக் காட்டி நீ தப்பிச்சிராத, ஒந் தப்பக் காட்டி நானும் தப்பிக்க மாட்டேன்." அவன் தலையை ஆட்டினான். "அந்த வார்த்த எப்பிடிலே வந்துச்சு?" என்று கேட்டேன். "தெரியலப்பா. வாயில வந்துட்டு" என்றான். அதன் பிறகு வெகுநாள் வரை, அந்தப் பையனுடைய கை எப்படி இருக்காம் என்று அவன் கேட்காத நாள் இல்லை. இடது கையால் எழுதிப் பழகுகிறான் என்று கேள்விப்பட்டதைச் சொன்னேன். அன்று தம்பி சாப்பிடவில்லை. நான் வற்புறுத்தவில்லை.

திங்கட்கிழமைகளில் நாங்கள் அதே டவுன் பஸ்ஸில்தான் பாளையங்கோட்டைக்குப் போனோம். முதல் நாள் படியில் நின்ற ஒருத்தன், "என்னலே, அப்பாவ செயினு போட்டுக் கூட்டிட்டு வாரியா?" என்றான். தம்பி அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடலாம் என்றான். வேண்டாம் என்று நடுவில் ஒரு இருக்கையில் உட்கார வைத்தேன். அவன் முகம் சிவந்திருந்தது. பிறகு என் காதருகே வந்து, "செயினு போட்டிருக்கது ஒங்களுக்கா எனக்கா?" என்று கேட்டான். எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. விளங்கியதும் அவன் தொடையில் ஒரு தட்டு தட்டினேன்.

இப்படி நான்கு மாதம். வழக்கு இன்னும் முடியவில்லை. முடிவு எதுவாக இருந்தாலும் அந்தப் பிள்ளையின் இரண்டு விரலுக்கு உயிர் திரும்பி வராது, அதை மறக்கிற மாதிரி நான் எதையும் எழுதிவிடக் கூடாது. குழுமத்தில் உத்தரவு வாங்கி, ஒரு மாதப் பொறுப்பு என் மனைவி பெயரில் எழுதிவிட்டு, வேலையை முடிக்க ஷார்ஜா வந்தேன். மேற்பார்வையாளர் என்னைப் பார்த்ததும், "சன் ஓகே? ஹாஸ்பிடல் கலாஸ்?" என்று கேட்டார், ஆஸ்பத்திரி முடிந்ததா என்று. இந்தத் தடவை உண்மையைச் சொன்னேன். ஆஸ்பத்திரியில் இருந்தது என் மகன் இல்லை, என் மகனால் வேறொருவர் மகன் என்று, கையையும் வாயையும் காட்டிச் சொல்லி முடித்தேன். அவருக்குப் புரிய நேரமானது. புரிந்ததும் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் தன் போனை எடுத்து ஒரு பையனின் படத்தைக் காட்டினார். மீசை அரும்பிய பையன். "மை சன். த்ரீ இயர், நோ சீ" என்றார். அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் ராஜினாமாத் தாளில் கையெழுத்துப் போட்டார்.

இந்த மாதத்தின் கடைசித் திங்கட்கிழமை, அதாவது முந்தாநாள், தம்பி கூப்பிட்டான். முகம் காட்டவில்லை, குரல் மட்டும். "அம்மாகூடப் போய்க் கையெழுத்துப் போட்டாச்சுப்பா. அடுத்த வாரம் யாரு வருவான்னு ஆபீசர் கேட்டாரு. எங்கப்பா வெள்ளிக்கிழம வந்துருவாருன்னு சொன்னேன்."

"நல்லதுலே."

"வருவீங்கள்லா?"

"டிக்கெட்டு எடுத்தாச்சு மக்கா."

"அது தெரியும். வருவீங்கள்லா?"

"வருதேன்" என்றேன்.

இன்று என் கடைசி நாள். என் வண்டியில் சிரியா நாட்டுச் சின்னப் பெண் ஒருத்தி வருகிறாள், ஒன்றாம் வகுப்பு. கடைசியாக இறங்குகிறவள் அவள்தான். அவளுக்கும் எனக்கும் ஒரு விளையாட்டு உண்டு. இறங்கி நின்று, "புக்ரா?" என்பாள். நாளைக்கு வருவாயா என்று அர்த்தம். நான் உதட்டைப் பிதுக்கித் தலையை இடவலமாக ஆட்டுவேன், மாட்டேன் என்று. அவள் இடுப்பில் கைவைத்து முறைப்பாள். உடனே சிரித்து, "புக்ரா, புக்ரா" என்பேன். அவளும் சிரித்துக்கொண்டு ஓடிவிடுவாள். இன்றும் கேட்டாள். நான் விளையாட்டுக்கு இல்லாமல், மெதுவாகத் தலையை ஆட்டினேன். இல்லை என்றேன். அவள் இடுப்பில் கைவைத்து முறைத்தாள். நான் மறுபடியும் இல்லை என்றேன். இன்றைக்கு விளையாட்டு கொஞ்சம் நீளம் என்று நினைத்தாளோ என்னவோ, சத்தமாகச் சிரித்துவிட்டு, எனக்குப் பதிலாக அவளே "புக்ரா!" என்று சொன்னாள். வீட்டு வாசலில் நின்ற அவளுடைய அம்மா கையை நீட்டினாள். அந்தக் கையைப் பிடிக்கிற வரைக்கும் அவள் திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனாள். நான் கதவை மூடாமல் பார்த்துக்கொண்டு நின்றேன்.